பவர் சர்வரில் ஒரு எல்பாருக்கு எத்தனை கோர், எத்தனை விபி?

ஐபிஎம் பவர் சர்வரில் ஒரு எல்பார் (சர்வரைப் பிரித்து உருவாக்கிய, தனி ஓஎஸ் ஓடும் பகுதி) திணறினால், பலரும் முதலில் அதன் விர்ச்சுவல் பிராசஸர் (விபி) எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறார்கள். எல்பார்கள் பகிர்ந்துகொள்ளும் கோர்களின் தொகுப்பான பூலில் மிச்சம் இல்லாதபோது இதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஷேர்டு பூலில் இரண்டு அளவுகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். என்டைட்டில்மென்ட் என்பது எவ்வளவு நெருக்கடி வந்தாலும் எல்பாருக்குக் கிடைத்தே தீரும் பங்கு. விபி எண்ணிக்கை என்பது, அன்கேப்டு (என்டைட்டில்மென்ட்டைத் தாண்டி மிச்சக் கோர்களையும் எடுக்கக்கூடிய) எல்பார் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கோர்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு.

எல்பார்களுக்குக் கோர்களைப் பங்கிடும் மென்பொருளான ஹைப்பர்வைசர் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நேரத்தைப் பங்கு போடுகிறது. என்டைட்டில்மென்ட் 1.0, விபி 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டும் ஓடத் துடிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் உறுதியாகக் கிடைப்பது 10-இல் 1.25 மில்லிசெகண்ட். லாக் (பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொடவிடும் பூட்டு) பிடித்திருக்கும் த்ரெட் அந்த நேரம் முடிந்து இறக்கப்பட்டால், அந்த லாக்குக்காக நிற்கும் மற்ற த்ரெட்களும் அது திரும்பி வரும்வரை நிற்க வேண்டியதுதான். திரும்ப ஏறுவது வேறு கோராக இருந்தால், கோருக்கு அருகிலுள்ள வேக நினைவகமான கேஷையும் புதிதாக நிரப்ப வேண்டும். அதே எல்பாரில் விபி 2 என்றால் ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிசெகண்ட் கிடைக்கும், வேலை அறுபடாமல் நடக்கும். ஐபிஎம்மின் ஓஎஸ்ஸான ஏஐஎக்ஸ் தேவையில்லாத விபிக்களை ஃபோல்டிங் மூலம் தானே மடித்து வைக்கும். ஆனால் அதை நம்பி எண்ணிக்கையை ஏற்றி வைப்பது தவறு.

முதலில் அளந்து பாருங்கள். ஏஐஎக்ஸில் எல்பார்ஸ்டாட் கட்டளையை 10 விநாடி இடைவெளியில் 8640 முறை ஓடவிட்டால் ஒரு முழு நாள் கிடைக்கும். மாத இறுதி வேலை நடக்கும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 நிமிடச் சராசரி போதாது, உச்சங்கள் அதில் கரைந்துவிடும். பார்க்க வேண்டியவை இரண்டு: உண்மையில் செலவான கோர் அளவைக் காட்டும் ஃபிஸ்சி பத்தி, பூலில் மீதமுள்ள கோர்களைக் காட்டும் ஆப் பத்தி. ஆப் பத்தியே தெரியவில்லையென்றால், சர்வரை நிர்வகிக்கும் கன்சோலான எச்எம்சியில் அந்த எல்பாருக்குச் செயல்திறன் தகவல் சேகரிக்கும் அனுமதியைக் கொடுங்கள்.

சராசரி ஃபிஸ்சி 1.4, உச்சம் 3.2 என்று வந்தால், என்டைட்டில்மென்ட் 1.5, விபி 4 என்று வையுங்கள். உச்ச நேரத்தில் என்டைட்டில்மென்ட் சதவீதம் (செலவான கோர் என்டைட்டில்மென்ட்டில் எத்தனை சதவீதம் என்ற எண்) 200-ஐத் தாண்டும். பூலில் கோர் மீதம் இருக்கும்வரை அது கோளாறு அல்ல.

பிறகு அறிகுறியைப் பார்த்து முடிவெடுங்கள். ஃபிஸ்சி 3.9-ஐ ஒட்டியே நின்று, ஆப் பத்தியிலும் நிறைய மிச்சம் இருந்தால் விபி ஒன்றைக் கூட்டலாம். ஆப் பூஜ்யத்தை நெருங்கினால் பூலே காலி, அப்போது விபி கூட்டிப் பயனில்லை. என்டைட்டில்மென்ட்டையோ, பூலின் மிச்சத்தில் எல்பாருக்குள்ள முன்னுரிமையான வெயிட்டையோ உயர்த்துங்கள். ஃபிஸ்சி என்டைட்டில்மென்ட்டிலேயே முட்டி நிற்க, ஆப் நிறைய இருந்தால், எல்பார் கேப்டு (என்டைட்டில்மென்ட்டைத் தாண்ட முடியாதது) ஆக இருக்கிறது, அல்லது வெயிட் 0. வெயிட் 0 என்றால் அன்கேப்டு என்று எழுதியிருந்தாலும் கேப்டு போலத்தான் நடக்கும்.

வெயிட் 0 முதல் 255 வரை, வழக்கமாக 128. மிச்சத்தைப் பங்கு போடும்போது மட்டுமே அது பேசும், என்டைட்டில்மென்ட்டைத் தொடாது. டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் மற்ற எல்பார்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் விஐஓ சர்வருக்கு மற்ற எல்லா எல்பார்களையும்விட அதிக வெயிட் கொடுங்கள். அது காத்திருந்தால் அத்தனை பேரின் டிஸ்க்கும் நெட்வொர்க்கும் காத்திருக்கும்.

மாற்றத்தை எச்எம்சியில் ஓடும்போதே செய்யலாம். ஒரு விபிக்கு 1.0-க்கு மேல் என்டைட்டில்மென்ட் போக முடியாது. பவர்8 முதல் 0.05-க்குக் கீழேயும் போகாது. எனவே கூட்டும்போதும் குறைக்கும்போதும் இரண்டு எண்களும் சேர்ந்து நகர வேண்டும். மாற்றம் தோற்றால், எச்எம்சிக்கும் எல்பாருக்கும் இடையே கட்டளைகள் போகும் ஆர்எம்சி இணைப்பு உயிரோடு இருக்கிறதா, ஃபயர்வால் 657 போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டிலும் விடுகிறதா என்று பாருங்கள்.

பலரும் தவறவிடுவது, எல்பாரின் அமைப்பு எண்களை எச்எம்சியில் சேமித்து வைத்திருக்கும் புரொஃபைலை. ஓடும்போது செய்த மாற்றத்தை அதில் சேமிக்காவிட்டால், அடுத்த முறை எல்பாரை அணைத்து அந்தப் புரொஃபைலில் ஏற்றும்போது பழைய எண்களே திரும்பும். அதில் எழுதியுள்ள அதிகபட்ச எண்ணைத் தாண்டியும் ஓடும்போது போக முடியாது. அந்த எண்ணையே மாற்ற வேண்டுமென்றால் ஓஎஸ்ஸுக்குள் இருந்து ரீபூட் செய்வது போதாது. எல்பாரை முழுதாக அணைத்து, திருத்திய புரொஃபைலைக் கொண்டு எச்எம்சியிலிருந்தே ஏற்ற வேண்டும். ஆகவே எல்பாரை உருவாக்கும்போதே அதிகபட்ச விபியை, இப்போதைய தேவையைப் போல இரண்டு மடங்காவது இருக்கும்படி எழுதி வையுங்கள்.