லுவார் பள்ளத்தாக்கில் மூன்று ராத்திரி: ஷாத்தோவும் ஒயினும் முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

பாரிஸ் பார்த்து முடித்துக் கையில் மூன்று நாள் மிச்சம் இருந்தால் லுவார் ஆற்றுப் பக்கம் போங்கள். ஷாத்தோ என்றால் பிரெஞ்சுப் பழங்கால மாளிகை. ஆனால் 'பார்க்க வேண்டிய பத்து ஷாத்தோக்கள்' மாதிரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரே நாளில் மூன்று நான்கைச் சுற்றிக் காட்டும் வேன்கள் உண்டு, நானும் ஒருமுறை அப்படிப் போனேன், ராத்திரி போட்டோவைத் திருப்பிப் பார்த்தால் எந்தப் படிக்கட்டு எந்த மாளிகையில் இருந்தது என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஷாத்தோ போதும், மீதி நேரத்தை ஒயினுக்கும் சாப்பாட்டுக்கும் விடுங்கள். கார் இல்லாமலே முடியும்.

படி 1: விசா, மாதம்

இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் நெரியும்.

படி 2: தூரில் ரூம் போடுங்கள்

தூர் நகரம்தான் இந்தப் பயணத்துக்குத் தோதான இடம், தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறுகிற வேலை இல்லை. பாரிஸ் மோம்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஒண்ணேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

ஒரு விஷயம். பல டிஜிவிகள் தூருக்குள் வராது, பக்கத்தில் சேன்-பியேர்-தே-கோர் என்ற ஸ்டேஷனில் இறக்கிவிடும், அங்கிருந்து ஐந்து நிமிட லோக்கல் ரயில். இது தெரியாமல், தப்பான ஊரில் இறங்கிவிட்டோம் என்று பெட்டியோடு அரை மணி நேரம் முழித்தவன் நான்.

படி 3: ஷெனோன்சோ

ஒரே ஒரு ஷாத்தோதான் முடியும் என்றால் இதுதான். தூரிலிருந்து லோக்கல் ரயிலில் அரை மணி நேரம், ஸ்டேஷனுக்கு எதிரிலேயே வாசல். முதல் வேலையாக ரயில் நேரத்தைப் பாருங்கள், நாளைக்குச் சில வண்டிகள்தான், ஞாயிற்றுக்கிழமை அதிலும் குறைவு. கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்விட்டால் பஸ் கூட்டம் வருவதற்குள் பாதி பார்த்துவிடலாம்.

இந்த மாளிகை ஷேர் ஆற்றின் மேலேயே நிற்கிறது. இரண்டாம் ஹென்றி ராஜா இதைத் தன் காதலி டியான் தெ புவாத்தியேவுக்குக் கொடுத்தார். 1559-ல் அவர் இறந்ததும் ராணி கேத்தரின் தெ மெடிசி அவளிடமிருந்து இதைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஷோமோன் ஷாத்தோவைத் தள்ளிவிட்டார். டியான் கட்டிய பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பியதும் கேத்தரின்தான். சக்களத்திச் சண்டை நமக்குப் புதுசா என்ன?

அந்தக் கூடத்தில் அவசரப்படாதீர்கள். கறுப்பும் வெள்ளையுமாகத் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல், எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே ஆறு ஓடுகிறது. கோடியில் ஒரு கதவு இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் இந்த ஆறுதான் எல்லை, மாளிகையின் முன்வாசல் பிடித்த பகுதியில், இந்தக் கதவு பிடிக்காத பகுதியில். பல பேர் இந்தக் கூடம் வழியாகத்தான் தப்பிப் போனார்கள். அப்புறம் கீழே இறங்கி அடுப்படியைப் பாருங்கள், பாலத் தூண்களுக்கு உள்ளேயே இருக்கிறது, வரிசையாகச் செம்புப் பாத்திரங்கள்.

படி 4: ஒயின் குகை

திரும்பும் வழியில் மோன்லூயியில் இறங்கலாம். லுவார் ஆற்றுக்கு அக்கரையில் வூவ்ரே, தூரிலிருந்து பத்து கிலோமீட்டர், சைக்கிளிலேயே போகலாம். இரண்டு ஊரிலும் ஷெனின் என்ற ஒரே வெள்ளைத் திராட்சைதான். 1938-ல் தனிப் பெயர் கிடைக்கும் வரை மோன்லூயி ஒயினும் வூவ்ரே என்ற பெயரில்தான் விற்றது.

குகைக்குள் போனதும் சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், சாக்பீஸ் மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டும். தூஃபோ என்ற சுண்ணாம்புக் கல் அது. இந்தப் பக்கத்து மாளிகைகள் பலவும் இந்தக் கல்லால் கட்டியவை. மலையைக் குடைந்து கல்லை எடுத்தார்கள், குடைந்த ஓட்டையில் பீப்பாயை வைத்தார்கள். காலையில் பார்த்த ஷாத்தோவும் சாயந்தரம் நிற்கும் குகையும் ஒரே மலையிலிருந்து வந்தவை மாதிரித்தான். கோடையிலும் உள்ளே சுமார் 12 டிகிரிதான், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

போவதற்கு முன் போன் செய்து நேரம் கேளுங்கள், 12 முதல் 2 மணி வரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள், அங்கே அது ரொம்ப முக்கியம். பாட்டிலில் 'செக்' என்றால் இனிப்பு இல்லாதது, 'தெமி-செக்' லேசான இனிப்பு, 'முவாலு' நல்ல இனிப்பு, நுரைக்கிற வகையும் உண்டு. இந்த வரிசையில் ருசி பாருங்கள், இனிப்பை முதலில் குடித்தால் மற்றதெல்லாம் புளிக்கும். வாயில் சுழற்றிவிட்டுத் துப்பப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முழுங்கினால் வண்டி ஓட்ட வேண்டாம்.

படி 5: அம்புவாஸா, ஷாம்போரா?

மூன்றாம் நாளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஷாம்போர் பிரமாண்டம்: 1519-ல் முதலாம் பிரான்சுவா ராஜா ஆரம்பித்தது, ஒருவர் ஏற ஒருவர் இறங்கினாலும் எதிர்ப்படாத இரட்டைச் சுருள் படிக்கட்டு, காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில். ஆனால் ப்ளுவா வரை ரயில், அங்கிருந்து பஸ். கார் இல்லாதவர்களுக்கு என் ஓட்டு அம்புவாஸுக்கே. தூரிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். அங்கே அரண்மனைச் சிற்றாலயத்தில் லியோனார்டோ டாவின்சியின் கல்லறை, பத்து நிமிடம் நடந்தால் அவர் 1519-ல் இறந்த க்ளோ லூசே வீடு. போகிற வழியில் பாறையைக் குடைந்த வீடுகளில் புகைபோக்கியும் ஜன்னல் திரையும் தெரியும்.

படி 6: சாப்பாடு, பாட்டில்

சைவம் என்றால் 'ஃபுவே' கேளுங்கள். விறகடுப்பில் பூரி மாதிரி உப்பி வரும் குட்டி ரொட்டி, பீன்ஸோ ஆட்டுப்பால் சீஸோ அடைத்துச் சாப்பிடலாம். சேன்ட்-மோர் சீஸ் சாம்பல் பூசிய கட்டை மாதிரி இருக்கும், நடுவே ஒரு வைக்கோல் குச்சி. அதை உருவிவிட்டு வெட்ட வேண்டும், நான் முதல் தடவை அதையும் சேர்த்துக் கடித்தேன்.

ஊருக்குக் கொண்டுவரும் பாட்டிலை ஸ்வெட்டரில் சுருட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான். 750 மில்லி பாட்டில் இரண்டு தாராளமாக அடங்கும், மூன்றாவது கணக்கைத் தாண்டிவிடும். அதைக் கடைசி ராத்திரி அந்தச் சீஸோடு தூரிலேயே முடித்துவிடுங்கள்.