பழைய விஎம்சி வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் பலருக்கும் முதல் விஎம்சி (கணினி இயக்கும் செங்குத்து மில்லிங் மெஷின்) பழைய மெஷின்தான். எனக்கும் அப்படித்தான். பழையது வாங்குவதில் தப்பில்லை, பார்க்கும் விதத்தில்தான் ஏமாந்துவிடுகிறோம்.

"காலையிலிருந்து ஓடிக்கிட்டிருக்கு, வந்து பாருங்க" என்று விற்பவர் சொன்னால், "நாங்க வந்தப்புறம் ஆன் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள். பேட்டரி போயிருந்தால் வரும் அலாரம், டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் இரைச்சல் எல்லாம் குளிர்ந்த மெஷினை எழுப்பும்போதுதான் தெரியும். அப்புறம் வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, முழு ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். நிறுத்தியதும் ஸ்பிண்டில் மூக்குப் பக்கம் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங் செலவு காத்திருக்கிறது.

நான் பணத்தை விட்டது பேக்லாஷில், அதாவது அச்சு திசை திரும்பும்போது வரும் தளர்வில். டேபிளை நடுவில் வைத்து, நகர்வை அளக்கும் டயல் கேஜ் போட்டேன். ஹேண்ட்வீலில் பத்து கிளிக் முன்னே, பத்து கிளிக் பின்னே. முள் அச்சாகப் பூஜ்யத்துக்கே திரும்பியது. திருப்தியாக முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மெஷின் என் பட்டறைக்கு வந்த பிறகு டேபிளின் இரண்டு ஓரத்திலும் துளைகள் இடம் மாறின. அங்கே டயல் வைத்தால் 30 மைக்ரான் வித்தியாசம். மெஷினை இயக்கும் ஃபானக் கன்ட்ரோலில், பேக்லாஷைத் திருத்தும் 1851-ஆம் பாராமீட்டரைத் திறந்தால் எக்ஸ் அச்சுக்கு 40 என்று இருந்தது, அதாவது 0.04 மி.மீ.

வேலை பெரும்பாலும் டேபிளின் நடுவிலேயே நடப்பதால் டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூ அங்கேதான் அதிகம் தேயும். அந்தத் தேய்மானத்துக்கு ஏற்ற அளவைப் பாராமீட்டரில் போட்டுவிட்டால் நடுவில் எல்லாம் சரியாகக் காட்டும். அதிகம் தேயாத ஓரங்களில் அதே திருத்தம் கூடுதலாகிப் பிழையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு அச்சிலும் நடுவில் ஒரு முறை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு முறை டயல் வையுங்கள். 1851-ஐக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த மெஷினை விட்டுவிடுவதே நல்லது. முடிந்தால் ஒரு அலுமினியத் துண்டில் வட்டம் ஒன்றை மில் செய்து, அச்சு திசை திரும்பும் நான்கு இடங்களிலும் படி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

ஓடிய நேரத்தை வாய் வார்த்தையாக நம்ப வேண்டாம். ஃபானக்கில் 6750-ஆம் பாராமீட்டர், மெஷின் ஆனில் இருந்த மொத்த நிமிடங்களைக் காட்டும். ஆனால் எத்தனை மணி நேரம் என்பதைவிட என்ன வெட்டியது என்பதே எனக்குப் பெரிய கேள்வி. பம்ப் பாடி மாதிரி வார்ப்பிரும்பு ஓட்டிய மெஷினில் கருப்புத் தூள், அதைத் துடைத்துத் தடுக்கும் வைப்பரைத் தாண்டி உள்ளே போய், டேபிள் நகரும் கைடை அரைத்திருக்கும். புது பெயின்ட்டைப் பார்க்காமல் கைடை மூடியிருக்கும் டெலஸ்கோபிக் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பிண்டிலில் டூல் உட்காரும் டேப்பர் துளைக்குள் டார்ச் அடித்து, துரு நிறத்தில் உரசல் தழும்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

விலை பேசும்போது மெஷின் விலையோடு நின்றுவிடாதீர்கள். ஜப்பானிலிருந்து வந்த மெஷின்கள் பெரும்பாலும் 200 வோல்ட் மூன்று பேஸுக்கானவை, நம் 415 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கிரேன், லாரி, லெவலிங், தனி எர்த் இதெல்லாமும் உண்டு. மெஷின் பேரில் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லைச் சான்று) வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கடைசியாக, பாராமீட்டர் பேக்கப். பயணத்தில் பேட்டரி இறங்கிவிட்டால் பாராமீட்டர்கள் அழிந்து மெஷின் வெறும் இரும்பாகிவிடும். விற்பவர் பட்டறையிலேயே, மெஷின் ஓடும் நிலையில் இருக்கும்போதே, பாராமீட்டர், லேடர் (மெஷின் இயங்கும் லாஜிக்), புரோகிராம் எல்லாவற்றையும் கார்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைப் பவர் ஆனில் வைத்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் மாற்றும்போதே எல்லாம் போய்விடலாம். கார்டு உங்கள் பையில் வந்த பிறகு கிரேன்காரருக்குப் போன் போடுங்கள்.