மே 1-ஆம் தேதி பூக்காத ஹாதார்ன்

1665-இல் லண்டனை ஒட்டிய டெட்ஃபோர்டில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். மே 1 காலையில் நாயகி வேலியிலிருந்து ஹாதார்ன் (வெள்ளைப் பூ பூக்கும் முள்செடி) பூக்கொத்து ஒடிக்கிறாள். அந்நாளைய வழக்கம் அது. ஆனால் அந்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் இன்றைவிடக் குளிர் அதிகம். பூ இன்னும் தாமதமாகத்தானே வரும்?

இன்றைய தோட்ட நாட்காட்டிகளைப் புரட்டினேன், உதவவில்லை. பூவை ப்ரிம்ரோஸ் என்று மாற்றினேன், காட்சியே செத்துப்போனது. நான்கு நாள் வீண்.

அப்புறம்தான் ஒரு பழைய சொலவடை கண்ணில் பட்டது: புனித பர்னபாஸ் நாளான ஜூன் 11-தான் ஆண்டின் மிக நீண்ட பகல். இன்று அது ஜூன் 21 அல்லவா? அப்போதுதான் பிடிபட்டது. இங்கிலாந்து 1752 வரை ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது; அது இன்றைய நாட்காட்டிக்குப் பின்தங்கிய பழைய கணக்கு. இன்றைய தேதி கிடைக்க, 17-ஆம் நூற்றாண்டுத் தேதிகளோடு 10 நாள் கூட்ட வேண்டும். 1700 மார்ச் முதல் 11. என் நாயகியின் மே 1 உண்மையில் மே 11. சரி, இனி ஹாதார்ன் பூக்கலாம்!

டெட்ஃபோர்டிலேயே தோட்டம் வைத்திருந்த ஜான் ஈவ்லின் 1664-இல் வெளியிட்ட மாதவாரித் தோட்டக் குறிப்பையும் இப்படித்தான் நகர்த்திப் படிக்கிறேன். இன்னொன்று: அன்று புத்தாண்டு மார்ச் 25. 'பிப்ரவரி 1665' என்று தேதியிட்ட கடிதம் பெரும்பாலும் நம் கணக்கில் 1666.