பற்றரி பின்னேரம் வரை தாங்க

குறிகட்டுவானில் படகேறும்போது நிறைந்திருந்த போன் பற்றரி நெடுந்தீவில் இறங்கும்போது நன்றாக இறங்கிப்போயிருக்கிறதா? போனைத் தொடாவிட்டாலும் அப்படி நடக்கும், ஏனென்றால் கடலில் சிக்னல் மெலிய மெலிய அது கோபுரத்தைத் தேடித் தேடிக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். படகேறியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள், சரி.

மற்றபடி பெரிய தின்னி திரைதான். வெளிச்சத்தைக் குறையுங்கள். ஓஎல்இடி திரையென்றால் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) கறுப்புப் பின்னணி உண்மையிலேயே மிச்சம் பிடிக்கும், பின்னால் விளக்கெரியும் எல்சிடியில் பெரிதாக ஒன்றுமில்லை. செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவது (நானும் கனகாலம் செய்தேன்) வீண்வேலை, திரும்பத் திறக்கத்தான் கூடச் செலவாகும்.

அப்புறம், வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே போனை வைக்காதீர்கள், லிதியம் அயன் பற்றரிக்கு வெப்பம்தான் எமன். சார்ஜை 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருந்தால் பற்றரி பல காலம் உழைக்கும், பயண நாளில் மட்டும் 100 வரை ஏற்றுங்கள், பரவாயில்லை.