கம்பைலர் வார்னிங்: எதைத் திருத்துவது, எதை அடக்குவது?

கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், சந்தேகத்துக்குரிய வரிகளைப் பற்றித் தரும் எச்சரிக்கைதான் வார்னிங். வேண்டாத வார்னிங் நூறு ஓடும் இடத்தில், வேண்டிய ஒன்று கண்ணில் படாது. அதற்காக கம்பைலருக்குக் கொடுக்கும் ஃபிளாக்குகளில் (கட்டளைக் குறிகளில்) சிறிய எழுத்து '-டபிள்யூ'வைப் போட்டு மொத்தமாக வாயை அடைத்தால் நல்லதும் சேர்ந்தே போய்விடும். இங்கே சொல்வது சி, சி++ மொழிகளுக்கும் ஜிசிசி கம்பைலருக்கும். கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

1. முழு பட்டியலை எடுங்கள்

முன்பு கம்பைல் செய்ததில் உருவான பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்துவிட்டு பில்ட் செய்யுங்கள். அழிக்காவிட்டால் மாறாத ஃபைல்கள் மறுபடி கம்பைல் ஆகாது, அவற்றின் வார்னிங்கும் வராது. '-டபிள்யூஆல்', '-டபிள்யூஎக்ஸ்ட்ரா' இரண்டையும் கொடுங்கள். பெயரில் 'ஆல்' இருந்தாலும் முதலாவது எல்லா வார்னிங்கையும் காட்டாது. '-ஓ2' சேர்த்தும் ஒருமுறை ஓட்டுங்கள்: மதிப்பு கொடுக்கப்படாத வேரியபிளைப் பற்றிய சில வார்னிங்குகள் '-ஓ2' தரும் ஆப்டிமைசேஷன் (கோடை வேகப்படுத்தும் வேலை) இருந்தால்தான் தெரியும்.

2. பெயரைப் பாருங்கள்

பெரும்பாலும் வார்னிங் வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் அதை எழுப்பிய ஃபிளாக்கின் பெயர் இருக்கும். பெயர்வாரியாகப் பிரித்தால், நூறு வார்னிங் பெரும்பாலும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும்.

3. திருத்த முடிந்ததைத் திருத்துங்கள்

எதிர்மறை ஏற்கும் எண்ணையும் ஏற்காத (அன்சைன்ட்) எண்ணையும் ஒப்பிடும்போது வரும் 'சைன்-கம்பேர்' வந்தால் அலட்சியம் வேண்டாம். 'இன்ட்' வேரியபிளில் -1 இருக்கிறது, அதை 5 என்ற 'அன்சைன்ட் இன்ட்' மதிப்போடு ஒப்பிடுகிறீர்கள். -1 சிறியதுதானே? ஒப்பிடும் முன் அது அன்சைன்டாக மாறிவிடும். 32 பிட் இன்ட்டில் 4294967295 ஆகிவிடும். 'சிறியது' என்ற நிபந்தனை பொய்யாகும், புரோகிராம் தப்பான பக்கம் போகும். இங்கே கண்ணை மூடிக்கொண்டு காஸ்ட் (வகை மாற்றம்) போட்டால் வார்னிங் போகும், பிழை அப்படியே இருக்கும். எதிர்மறை மதிப்பு வருமா என்று பார்த்து, வருமென்றால் அதை முதலில் சோதித்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

4. வேண்டுமென்றே செய்ததைச் சொல்லிவிடுங்கள்

வேறொரு கோட் அழைப்பதற்காக நீங்கள் கொடுக்கும் கால்பேக் ஃபங்ஷனில் ஒரு பராமீட்டர் உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். சி++-இல் அதன் பெயரை விட்டுவிட்டு வகையை மட்டும் எழுதலாம். சி++17 முதல் 'மேபி அன்யூஸ்ட்' ஆட்ரிபியூட் உண்டு, சி23-இலும் உண்டு. பழைய சி என்றால் பராமீட்டரை 'வாய்டு' ஆக காஸ்ட் செய்யும் ஒரு வரி போதும். ஆனால் 'வார்ன் அன்யூஸ்ட் ரிசல்ட்' குறியிட்ட ஃபங்ஷனின் விடையைப் புறக்கணிக்க இந்த வாய்டு காஸ்ட் ஜிசிசியிடம் செல்லாது, கிளாங்கிடம் செல்லும். அந்த விடையைச் சோதித்துவிடுவதே நல்லது.

5. பிறர் எழுதிய ஹெடர்கள்

வெளி லைப்ரரியின் ஹெடருக்குள் கை வைக்காதீர்கள். அந்த ஃபோல்டரைப் பெரிய எழுத்து '-ஐ' ஃபிளாக்குக்குப் பதில் '-ஐசிஸ்டம்' மூலம் கொடுங்கள். அதிலிருந்து கிளம்பும் வார்னிங்குகளை கம்பைலர் அடக்கிவிடும். சிமேக் என்ற பில்ட் கருவியில் இன்க்லூட் கட்டளையோடு 'சிஸ்டம்' என்ற சொல்லைச் சேர்த்தால் இதே பலன்.

6. மீதிக்கு பிராக்மா

பிராக்மா என்பது கோடுக்குள்ளேயே கம்பைலருக்கு எழுதும் குறிப்பு. 'ஜிசிசி டயக்னாஸ்டிக்' பிராக்மாவில் வரிசை முக்கியம்: முதலில் 'புஷ்', அடுத்து வார்னிங் பெயரோடு 'இக்னோர்ட்', பிறகு அந்தச் சில வரிகள், கடைசியில் 'பாப்'. பாப் மறந்தால் ஃபைல் முடியும்வரை அந்த வார்னிங் ஊமை. ஹெடரில் மறந்தால் இன்னும் மோசம், அதைச் சேர்க்கும் ஃபைல்களுக்கும் தொற்றும். ஏன் அடக்கினீர்கள் என்று மேலே ஒரு கமென்ட் எழுதுங்கள்.

ஒரு வகை வார்னிங்கை அணைக்கும் 'டபிள்யூ-நோ' ஃபிளாக் கடைசி வழி. ப்ராஜெக்ட் முழுவதும் பாயும். அதில் எழுத்துப்பிழை இருந்தாலும், அந்த ஃபைலில் வேறு வார்னிங்கோ எர்ரரோ வராதவரை ஜிசிசி வாய் திறக்காது.

7. மறுபடி சேராமல் பார்ப்பது

பட்டியல் காலியானதும் தானியங்கி பில்டில் மட்டும், வார்னிங்கை எர்ரராக மாற்றும் '-டபிள்யூஎர்ரர்' போடுங்கள். பிறருக்குத் தரும் பில்ட் ஃபைலில் வைத்தால், புதிய கம்பைலர் கொண்டுவரும் புது வார்னிங் ஒன்றே அவர்கள் பில்டை நிறுத்திவிடும். வழக்கொழிந்த ஃபங்ஷன்களைப் பற்றிய 'டெப்ரிகேட்டட்-டிக்ளரேஷன்ஸ்' வகைக்கு மட்டும் 'டபிள்யூ-நோ-எர்ரர்' கொடுத்து விலக்கு அளிக்கலாம்; வார்னிங் தெரியும், பில்ட் நிற்காது.