படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவரும் படுத்துவிடாமல் இருக்க

வீட்டில் ஒருவர் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தால், மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது அவருக்கு மாத்திரைச் சீட்டு கையில் இருக்கும். பார்த்துக்கொள்ளப் போகிற மனைவிக்கோ மருமகளுக்கோ மகனுக்கோ எந்தச் சீட்டும் கிடையாது. எப்படித் திருப்புவது, எப்போது தூங்குவது என்று தெரியாமலே தொடங்குகிறார்கள். முதலில் இடுப்பு போகிறது, அடுத்து தூக்கம், அதன் பிறகு பொறுமை.

அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்பதுதான் பல வீடுகளில் பார்க்கும் முதல் தவறு. முழு எடையும் வளைந்திருக்கும் உங்கள் முதுகில் இறங்கும். செயலிழந்த பக்கத்தில் தோள்மூட்டைப் பிடித்துவைக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால், அவருடைய மூட்டும் நழுவும். அதனால் தூக்காதீர்கள், உருட்டுங்கள். நீங்கள் நிற்கும் பக்கமாகவே அவரைத் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, அந்தக் கையை அவர் நெஞ்சின்மேல் வையுங்கள். உங்கள் ஒரு கை அவருடைய தோள்பட்டைக்குப் பின்னால், மற்றது இடுப்பெலும்பில். ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் ஊன்றி, உங்கள் உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் அவர் உருண்டு வந்துவிடுவார். இழுப்பது உங்கள் உடல் எடை. கைக்கும் முதுகுக்கும் வேலை குறைவு.

தலைமாட்டுப் பக்கம் நகர்த்துவதற்கு, பழைய பருத்தி வேட்டி ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் சுருக்கமில்லாமல் எப்போதும் விரித்துவையுங்கள். பக்கத்துக்கு ஒருவராக இருவர் நின்று, வேட்டியின் ஓரத்தை அவர் உடலை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். தனி ஆளாக இதைச் செய்யவே செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை பத்து நிமிடம் காத்திருப்பதில் ஒன்றும் கெட்டுவிடாது.

கட்டில் தாழ்வாக இருந்தால் டயப்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். முழு நேரமும் படுக்கையிலேயே இருப்பவர் என்றால், அசையாத மரக்கட்டைகளைக் கட்டில் கால்களுக்கு முட்டுக்கொடுத்து உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடலாம், பக்கக் கம்பி அவசியம். எழுந்து உட்காரக்கூடியவருக்கு இது ஆகாது; அவர் பாதம் தரையைத் தொட வேண்டும். அங்கே ஒரு முழங்காலைக் கட்டில்மேல் ஊன்றி வேலை செய்தால் முதுகு பிழைக்கும்.

அடுத்தது இரவு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் ஒரே ஆள் மாதக்கணக்கில் அலாரம் வைத்து எழுந்தால் அந்த ஆள் தாங்க மாட்டார். நல்ல ஏர் பெட் (காற்று மெத்தை) இருந்து, தோலும் நன்றாக இருந்தால், இரவில் இடைவெளியை நான்கு மணி நேரமாக நீட்டலாமா என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது சிவப்பு மறையாவிட்டால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூடும் கெட்டித்தன்மையும் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் பத்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஆறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தூங்கும் முறை வந்தவர் வேறு அறையில் படுக்க வேண்டும். அதே அறையில் படுத்தால் காது தூங்காது. சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை மாலையில் இருந்தால், காலைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நாளில் குடிக்கும் தண்ணீரைக் குறைக்காதீர்கள், பெரும்பகுதியை மாலை ஆறுக்குள் கொடுத்துவிடுங்கள்.

அவருடைய மாத்திரைக்கு ஏழு கட்டம் போட்ட டப்பா இருக்கும், உங்கள் சர்க்கரை மாத்திரை எங்கோ ஒரு கவரில் கிடக்கும். உங்களுக்கும் வேறு நிறத்தில் ஒரு டப்பா வாங்கி, அவருக்குக் கொடுக்கும் நேரத்திலேயே நீங்களும் போடுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், மாறிவிடும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு அவருக்கு ஊட்டி முடிக்கும்வரை பட்டினி கிடப்பது ஆபத்து. தாழ்சர்க்கரையில் மயங்கி விழுந்தால் இரண்டு நோயாளிகள். முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். "சரி, சொல்றேன்" என்று பதில் சொன்னால் அத்தோடு முடிந்தது. வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு, கேட்டவரிடம் ஒன்றைக் கொடுங்கள்: வியாழன் நான்கிலிருந்து ஆறு உட்கார்ந்திருக்க, மாதம் ஒருமுறை டயப்பர் வாங்கிவர, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எடுத்துவர. வெளியூரில் இருக்கும் அண்ணனிடம் "கொஞ்சம் பணம் அனுப்பு" என்பதைவிட, "இரவு அட்டெண்டர் சம்பளம் உன் பொறுப்பு" என்று சொல்வது நிற்கும்.

எரிச்சலில் கத்திவிட்டோமே என்று இரவெல்லாம் அழுபவர்கள் உண்டு. கத்தல் பெரும்பாலும் அலுப்பின் அறிகுறி. கோபம் ஏறும்போது பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் மருத்துவரைப் பாருங்கள். அவரை அடித்துவிடுவோமோ என்றோ, செத்துப்போனால் தேவலை என்றோ தோன்றினால் அன்றைக்கே 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது. இலவசம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

அட்டெண்டர் வைத்தால், முதல் இரண்டு நாள் கூடவே இருந்து, திருப்பும் முறை, உணவின் பதம், மாத்திரை நேரம் மூன்றையும் அவரையே செய்யவைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் மட்டும் வெளியே போய்வாருங்கள், அதுவும் மருந்துக்கடைக்கு இல்லாமல்.