சாயப்பட்டறைக்குப் போன், பையருக்கு மின்னஞ்சல்: புது மெர்ச்சண்டைசருக்கு ஒரு செய்முறை

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் (ஆடை வாங்குபவருக்கும் தயாரிப்பவர்களுக்கும் நடுவே நின்று ஆர்டரை நடத்துபவர்) வேலை என்றால் பாதி நேரம் பேச்சு, மீதி நேரம் பேசியதை எழுதி வைப்பது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டாவதை விட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நேவி புளூ டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

படி 1: பையரின் (ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளரின்) மின்னஞ்சலை இணைப்போடு சேர்த்துப் படியுங்கள். பதிலை அதே மின்னஞ்சல் தொடரிலேயே அனுப்புங்கள். தலைப்பில் ஸ்டைல் எண் (அந்த ஆடை மாடலின் எண்) இருக்கட்டும். மூன்று சந்தேகங்களை ஒரே பத்தியில் கேட்டால் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். எண்ணிட்டுக் கேளுங்கள்.

படி 2: சாயப்பட்டறைக்குப் போன் செய்யுங்கள். அங்கே மின்னஞ்சல் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. “அண்ணா, நேவி புளூ லாட் மெஷினில் ஏறிவிட்டதா?” என்பதுதான் முதல் கேள்வி. ஏறிவிட்டால் மற்றதைப் பேசிப் பயனில்லை.

படி 3: போனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். ஒருமுறை லேப் டிப் (நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயமேற்றிய சிறு துணித் துண்டு) ‘பி’ என்று நான் சொன்னது, மெஷின் இரைச்சலில் ‘டி’ என்று கேட்டிருக்கிறது. 320 கிலோ துணி வேறு நிறத்தில் வந்து நின்றது. யார் சொன்னது சரி என்று காட்ட இருவரிடமும் ஒரு வரிகூட இல்லை. இப்போது எழுத்தோடு ஓர் ஊர்ப் பெயரையும் சேர்த்து இப்படி எழுதுகிறேன்:

“ஸ்டைல் 114, நேவி புளூ, 320 கிலோ. லேப் டிப் பி (பம்பாய்) மட்டும் ஓகே. படித்ததும் ‘சரி’ என்று அனுப்புங்கள் அண்ணா.”

குரல் பதிவு வேண்டாம். பத்து நாள் கழித்து அதில் எண்ணைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

படி 4: நிறத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் வண்டியை எடுங்கள். செல்போன் படத்தில் நேவி கறுப்பாகவும் தெரியும், ஊதாவாகவும் தெரியும். ஒப்புதல் பெற்ற லேப் டிப் துண்டை எடுத்துப்போய், லைட் பாக்ஸில் (பலவகை விளக்குகளில் நிறம் பார்க்கும் பெட்டியில்) துணியோடு சேர்த்துப் பாருங்கள். பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள், கடை வெளிச்சமான டிஎல்84-இல் வேறு வேறாகத் தெரிவதுண்டு. ஆகவே இரண்டிலும் பாருங்கள்.

படி 5: தையல் பிரிவில் சாம்பிள்தான் பேச வேண்டும். ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் என்று பல ஊர்க்காரர்கள் ஒரே லைனில் இருப்பார்கள். ஒப்புதல் பெற்ற சாம்பிளை லைனின் தலைமாட்டில் தொங்கவிட்டு, மாற்றம் உள்ள தையலில் சாக்பீஸால் வட்டமிடுங்கள். சூப்பர்வைசரிடம் நேரில் காட்டிவிட்டு வாருங்கள்.

படி 6: தாமதம் என்றால் பையரை முதலில் போனில் அழையுங்கள், மின்னஞ்சல் பிறகு போகட்டும். நேரத்தையும் பாருங்கள்: நமக்குக் காலை 10 மணி என்றால் ஜெர்மனியில் கோடையில் 6.30, குளிர்காலத்தில் 5.30. மதியம் 2 மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள், அதுவும் புதிய தேதியைக் கையில் வைத்துக்கொண்டு.